‘வாசிக்கத் தெரியும்’ என்றால் என்ன தெரியும்?

ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி தன் கதைப் புத்தகத்தை எனக்கு வாசித்துக் காட்டினாள். ஒரு சொல்கூடப் பிசகவில்லை. முற்றுப்புள்ளியில் நிறுத்தினாள், கேள்வி வரும் இடத்தில் குரலை உயர்த்தினாள். நடுவில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே புரண்டன. அவள் கவனிக்கவில்லை. கண்முன்னே இருந்தது அடுத்த பக்கம். வாயில் வந்ததோ விடுபட்டுப்போன பக்கத்தின் வரிகள்.

அதே வாரம் ஏழு வயதுப் பையன் ஒருவன் வந்தான். “எழுத்தெல்லாம் தெரியும், ஆனா வாசிக்க மட்டும் வரமாட்டேங்குது” என்று அவன் அம்மா சொன்னார். அவன் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுத் தொட்டு ஒரு வரியை முடித்தான். ஓர் எழுத்தும் தப்பில்லை. “என்ன சொல்லியிருக்கு?” என்று கேட்டேன். திரும்ப வரியின் தொடக்கத்துக்குப் போய்விட்டான்.

முதல் குழந்தை “நல்லா வாசிப்பா.” இரண்டாவது குழந்தைக்கு “வாசிக்க வராது.” இப்படித்தான் பேசிக்கொள்கிறோம். ஆனால் இரண்டு குழந்தைகளும் ஆளுக்கு ஒரு பாதியை வைத்திருந்தார்கள். எந்தப் பாதி இருக்கிறது, எந்தப் பாதி இல்லை என்று தெரியாமல் “இன்னும் நிறைய வாசி” என்று சொல்வதால் இருவருக்குமே பயனில்லை.

பேச்சு தானாக வரும், வாசிப்பு வராது

பேச்சை யாரும் பாடமாக நடத்துவதில்லை. சுற்றிலும் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தால் போதும், குழந்தை பிடித்துக்கொள்ளும். வாசிப்பும் அப்படித்தான், புத்தகங்கள் சுற்றி இருந்தால் வயது வரும்போது தானாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி வந்துவிடும் குழந்தைகள் சிலர் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு யாராவது உட்கார்ந்து காட்டித்தர வேண்டியிருக்கிறது.

மனித இனம் எழுதத் தொடங்கி ஏறத்தாழ 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. மூளையில் வாசிப்புக்கென்று பிறவியிலேயே ஓர் இடம் அமைவதற்கு அந்தக் காலம் போதாது. அதனால் வாசிக்கக் கற்கும்போது, பொருள்களையும் முகங்களையும் அடையாளம் காண்பதற்காக இருக்கும் பகுதியில் ஒரு துண்டை மூளை எழுத்துக்காக மாற்றி எடுத்துக்கொள்கிறது. பிரெஞ்சு நரம்பியல் ஆய்வாளர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் இதை விரிவாக விளக்கியிருக்கிறார்.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு கவலை குறையும். ஒரு கோப்பையின் பிடி இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் அது அதே கோப்பைதான். பிறந்ததிலிருந்து மூளை அப்படித்தான் பழகியிருக்கிறது. எழுத்து மட்டும் இந்த விதிக்குக் கட்டுப்படாது. திருப்பிப் போட்டால் அது வேறு எழுத்து, அல்லது எழுத்தே இல்லை. ஐந்து, ஆறு வயதில் குழந்தை எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி எழுதினால், மூளை பழைய விதியை இன்னும் கைவிடவில்லை என்று பொருள். அதை மட்டும் வைத்து எந்தக் குறைபாட்டையும் முடிவு செய்ய முடியாது.

ஒரு பெருக்கல் கணக்கு

இந்தி படிப்பதற்காகத் தேவநாகரி எழுத்தைக் கற்றவர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவரிடம் ஒரு மராத்திப் பத்தியைக் கொடுத்தால் ஓரளவு சரியாகவே சத்தமாக வாசித்துவிடுவார். சொன்னது என்னவென்று கேட்டால் அங்கங்கே ஊகிக்கத்தான் முடியும். இதற்கு நேர்மாறாக, எழுதப் படிக்கக் கற்காத பாட்டி ஒருவருக்கு ஒரு தமிழ்க் கடிதத்தை வாசித்துக் காட்டினால், வரிகளுக்கு இடையில் இருப்பதுகூட அவருக்குப் புரியும். கடிதத்தைக் கையில் கொடுத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த இரண்டையும் சேர்த்து 1986-இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கணக்காக எழுதினார்கள். வாசித்துப் புரிவது = எழுத்துக்கூட்டுதல் × கேட்டுப் புரிதல்.

எழுத்துக்கூட்டுதல் என்பது தாளில் உள்ள குறிகளை ஒலியாக மாற்றி, அந்த ஒலிகளைச் சேர்த்து ஒரு சொல்லாக்குவது. கேட்டுப் புரிதல் என்பது அதே வரிகளை வேறொருவர் வாசித்துக் காட்டினால் குழந்தை எவ்வளவு புரிந்துகொள்ளும் என்பது.

ஏன் கூட்டல் இல்லாமல் பெருக்கல்? கூட்டலில் ஒன்று குறைந்தால் மற்றது ஈடு செய்துவிடும். பெருக்கலில் ஒன்று பூஜ்ஜியமானால் மொத்தமும் பூஜ்ஜியம். அந்தச் சிறுமியின் மொழி எவ்வளவு வளமானதாக இருந்தாலும், புதிய புத்தகம் ஒன்றைக் கொடுத்தால் அவளால் ஒரு வரியும் நகர முடியாது.

இதுவரை பார்த்தது: வாசிப்பு இரண்டு வேலைகள் சேர்ந்தது. இரண்டும் தனித்தனியாக வளரும், தனித்தனியாகச் சிக்கிக்கொள்ளவும் செய்யும்.

எழுத்துக்கூட்டுவதற்கு முன்னால் காது

நான்கு வயதுக் குழந்தையிடம் “எது நீளமான வார்த்தை? ரயிலா, கம்பளிப்பூச்சியா?” என்று கேட்டுப் பாருங்கள். “ரயில்தான், அதுல நிறையப் பெட்டி இருக்கே!” என்று பதில் வர வாய்ப்பு அதிகம். குழந்தைக்கு அதுவரை சொல் என்பது பொருள் மட்டுமே. சொல்லுக்கு ஓர் ஒலி உடம்பு இருக்கிறது, அதைத் துண்டு துண்டாக வெட்டலாம், மாற்றலாம் என்பது அதற்குத் தோன்றியதே இல்லை. அந்த உணர்வு வருவதை ஒலியுணர்வு என்று சொல்லலாம். இது முழுக்கக் காதின் வேலை. எழுத்து தேவையில்லை, கண்ணை மூடிக்கொண்டே செய்யலாம்.

ஒலியுணர்வு படிப்படியாக வரும். முதலில் ‘பட்டம், கட்டம், வட்டம்’ ஒன்றுபோல் ஒலிப்பது தெரியும். பிறகு ‘மரம்’ என்பதில் முதல் துண்டு ‘ம’ என்பது தெரியும். கடைசியாகத்தான் ‘கா’ என்பதற்குள்ளேயே ‘க்’, ‘ஆ’ என்று இரண்டு ஒலிகள் இருப்பது தெரியும். தமிழ் எழுத்தில் உயிரும் மெய்யும் ஒரே வடிவத்துக்குள் சேர்ந்துவிடுவதால், இந்தக் கடைசிப் படி தாமதமாக வருவது இயல்புதான்.

247 என்ற எண்ணைக் கண்டு பயப்படுவது

தமிழ் எழுத்துகள் 247 என்றதும் பெற்றோர் மலைத்துப் போகிறார்கள். உண்மையில் குழந்தை கற்க வேண்டியது 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், அப்புறம் சில குறிகள்: கால், கொம்பு, கொக்கி, சுழி, புள்ளி. மிச்சமெல்லாம் சேர்க்கைதான். ஆனால் சேர்க்கை என்று சொல்லிவிட்டு நாம் எளிதாக நகர்ந்துவிடுகிறோம்; சிக்கல் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

‘கெ’ என்ற எழுத்தைப் பாருங்கள். இடமிருந்து வலமாகப் போகும் குழந்தையின் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு. ஒலியில் முதலில் வருவதோ ‘க்’. கண்ணின் வரிசையும் காதின் வரிசையும் தலைகீழ். ‘கொ’வில் இன்னும் மோசம்: கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் எழுத்து, மூன்றும் சேர்ந்து ஒரே உயிர்மெய். வளர்ந்தவர்கள் இதையெல்லாம் மறந்தே போய்விட்டோம். ‘உ’ சேரும்போது ‘கு, து, பு, மு’ என்று ஒவ்வொரு மெய்யும் ஒவ்வொரு விதமாக வளைகிறது. ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் இடையில் ஒரு சுழிதான் வித்தியாசம். அச்சில் காலும் ‘ர’வும் கிட்டத்தட்ட ஒன்று.

தமிழைப் போலவே எழுத்து அமைந்த கன்னடத்தில் குழந்தைகள் கற்பதை ஆராய்ந்த சோனாலி நாக், 2007-இல் வெளியிட்ட கட்டுரையில், முழு எழுத்துத் தொகுதியும் வசப்படுவது தொடக்கப் பள்ளியின் பிற்பகுதி வரை நீள்வதைக் காட்டினார். ஆறு வயதில் கொம்பில் தடுமாறும் குழந்தையை மந்தம் என்று சொல்வது பெரிய அநியாயம்.

‘பகல்’ என்ற சொல்லில் நடப்பது

ஒரு சொல்லைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். குழந்தை ‘பகல்’ என்பதை முதன்முறையாகக் கூட்டுகிறது. ப, க, ல். ‘கடல்’ என்பதில் வரும் வல்லோசைக் ‘க’வையே இங்கேயும் போடுகிறது. ‘பக்கல்’ என்பதுபோல் ஏதோ ஒன்று வருகிறது. ஒரு நொடி நிற்கிறது. முகம் மாறுகிறது. “ஓ, பகல்!” என்கிறது, இந்த முறை மெல்லோசையோடு.

அந்த ஒரு நொடிதான் வாசிப்பு. தமிழில் ‘க’ என்ற ஒரே எழுத்து ‘கடல்’, ‘பகல்’, ‘தங்கம்’ மூன்றிலும் வெவ்வேறாக ஒலிக்கிறது. எழுத்துக்கூட்டி வந்த ஒலி கிட்டத்தட்டதான் சரி; மிச்சத்தைத் திருத்தியது குழந்தையின் காதில் ஏற்கெனவே இருந்த சொல். அந்தச் சொல்லையே கேட்டிராத குழந்தை ‘பக்கல்’ என்றே விட்டுவிட்டுப் போகும். ஆக, பெருக்கலின் இரண்டு பக்கங்களும் ஒன்றுக்கொன்று கை கொடுக்கின்றன.

இன்னொன்றும் அந்த நொடியில் நடக்கிறது. இப்படிச் சிரமப்பட்டுக் கூட்டி, சரியான சொல்லில் போய் நின்ற ஒவ்வொரு தடவையும், எழுத்து வரிசையும் ஒலியும் பொருளும் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. சில தடவைக்குப் பிறகு அந்தச் சொல்லைப் பார்த்தவுடனே தெரியும். டேவிட் ஷேர் 1995-இல் இதைச் சுயமாகக் கற்பித்துக்கொள்ளும் வழி என்று விளக்கினார். குழந்தை திணறும்போது “படத்தைப் பார்த்துச் சொல்லு” என்று நாம் சொன்னால், சொல் கிடைத்துவிடும்; எழுத்து ஒட்டாது. நல்ல எண்ணத்தோடு செய்யும் இந்த உதவியைத்தான் நான் முதலில் நிறுத்தச் சொல்வேன்.

இப்படிப் பார்த்தவுடன் தெரியும் சொற்கள் பெருகும்போது வருவதுதான் சரளம்: தவறின்றி, திணறாமல், பேசுவதுபோல் வாசிப்பது. ஒரு போன் நம்பரை ஒருவர் இலக்கத்துக்கு இலக்கம் ஐந்து நொடி விட்டுச் சொன்னால், கடைசி இலக்கம் வரும்போது முதல் இலக்கம் மறந்துபோகும். ஏழு வயதுப் பையனுக்கு நடந்தது அதுதான். வரியின் கடைசிச் சொல்லைக் கூட்டி முடித்தபோது, முதல் சொல் மனதில் இல்லை. சரளம் வேகப் போட்டி கிடையாது. பொருளைப் பிடித்து வைக்க மனதில் இடம் விடுவதற்காகத்தான் அது.

சுருக்கமாக: காது ஒலியைப் பிரிக்கும், கண் குறியைப் பிடிக்கும், இரண்டும் சேர்ந்து சொல்லாகும், பழகப் பழகச் சரளமாகும்.

மறுபக்கம்: கேட்டுப் புரிதல்

தமிழ்க் குழந்தைக்கு இங்கே ஒரு கூடுதல் சுமை இருக்கிறது. அது பேசுவது ‘வந்துச்சு’, ‘வீட்ல’, ‘அவங்க’. புத்தகத்தில் இருப்பது ‘வந்தது’, ‘வீட்டில்’, ‘அவர்கள்’. எழுத்தைச் சரியாகக் கூட்டினாலும், வந்து சேரும் சொல் குழந்தை தினமும் கேட்கும் சொல்லாக இருப்பதில்லை. கதைகளை வாசித்துக் காட்டக் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு எழுத்துத் தமிழ் பள்ளிக்குப் போகும் முன்பே காதில் பழகியிருக்கும்.

சொல் தெரிந்தால் மட்டும் போதாது, விஷயமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1988-இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் அமெரிக்க மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் பற்றிய பத்தி ஒன்றைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்த மாணவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதிகம் புரிந்து நினைவில் வைத்திருந்தார்கள்.

எங்கே சிக்கல் என்று பார்ப்பது

இதைத் தேர்வாக நடத்த வேண்டாம். பதினைந்து நிமிடம், பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தை சோர்ந்தால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம். அதற்கும் முன்னால் காதும் கண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று மருத்துவரிடம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காது அடைத்துக்கொள்ளும் குழந்தைக்கு ஒலிகள் தெளிவாகவே விழாமல் இருக்கலாம்.

முதலில் காது. “‘கடல்’ல ‘க’வை எடுத்துட்டா என்ன மிச்சம்?” “‘பல்’லை நீட்டிச் சொன்னா என்ன வரும்?” இரண்டு மூன்று எடுத்துக்காட்டு நீங்களே செய்து காட்டிவிட்டுக் கேளுங்கள்.

அடுத்தது எழுத்து. அகரவரிசைப்படி கேட்காதீர்கள்; வரிசை பாட்டாக மனப்பாடம் ஆகியிருக்கும். கலைத்துப் போட்டுக் கேளுங்கள். உயிர்மெய்யில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் வரட்டும்.

பிறகு, நான் மிகவும் நம்பும் சோதனை: பொருளற்ற சொற்கள். ‘மெடாசி’, ‘தபிலு’, ‘கோனுபை’ என்று இல்லாத சொற்களாக ஐந்தாறு எழுதுங்கள். “இது விளையாட்டு வார்த்தை, அர்த்தம் கிடையாது” என்று முன்பே சொல்லிவிடுங்கள். இவற்றை எங்கும் பார்த்திருக்க முடியாது, படத்தை வைத்து ஊகிக்கவும் முடியாது. கூட்டத் தெரிந்தால் மட்டுமே வரும். கதைப் புத்தகத்தை அழகாக ஒப்பித்த அந்தச் சிறுமி இங்கே ‘தபிலு’வைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “இதை நீங்க ஒருதடவை படிச்சுக் காட்டுங்க” என்றாள். நான் வாசித்திருந்தால் உடனே மனப்பாடம் செய்திருப்பாள், அவ்வளவு கூர்மையான காது.

கடைசியாக ஒப்பீடு. ஒரே அளவு கடினமான, குழந்தை இதுவரை பார்க்காத இரண்டு சிறு பத்திகள். ஒன்றைக் குழந்தை வாசித்துவிட்டுக் கதையைச் சொல்லட்டும். இன்னொன்றை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், குழந்தை கேட்டுவிட்டுச் சொல்லட்டும். கேட்டால் புரிகிறது, வாசித்தால் புரியவில்லை என்றால் சிக்கல் எழுத்துக்கூட்டுவதில் அல்லது சரளத்தில். திணறாமல் வாசிக்கிறது, ஆனால் இரண்டிலும் புரியவில்லை என்றால் மொழிப் பக்கம் வளர வேண்டும். இரண்டு பக்கமும் தடுமாறினால் இரண்டையும் சேர்த்தே தொடங்க வேண்டும், ஒன்று முடிந்து மற்றொன்று என்று காத்திருக்க வேண்டாம்.

வாசிக்கும்போது தவறுகளை எண்ணுவதைவிட அவை என்ன மாதிரித் தவறுகள் என்று கவனிப்பது முக்கியம். ‘போகிறான்’ என்று இருப்பதைக் குழந்தை ‘போறான்’ என்று வாசித்தால் அதைத் தவறாகக் குறிக்காதீர்கள். எழுத்தையும் பிடித்து, பொருளையும் பிடித்து, தன் வாய்மொழிக்கு மாற்றியும் விட்டது. ‘போகிறான்’ என்பதை ‘போனான்’ என்று வாசித்தால் முதல் எழுத்தை மட்டும் பார்த்து ஊகிக்கிறது. தானே நின்று திருத்திக்கொண்டால் அது மிக நல்ல அறிகுறி, அதையும் குறித்துவையுங்கள்.

நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று இணையத்தில் கிடைக்கும் ஆங்கில அளவுகளைத் தமிழுக்குப் போடாதீர்கள். ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கும்’ என்பது நமக்கு ஒரே சொல்.

சிக்கலுக்குத் தக்க உதவி

காது பழகவில்லை என்றால், தினமும் ஐந்து நிமிட வாய் விளையாட்டு போதும். ‘பட்டம்’ சொல்லிவிட்டு, முதல் எழுத்தை மாற்றி மாற்றி எத்தனை சொல் வரும் என்று பாருங்கள். நடந்துகொண்டே செய்யலாம்.

எழுத்து பழகவில்லை என்றால், 247-ஐயும் முடித்துவிட்டு வாசிப்புக்குப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். ட, ப, ம மூன்றும் புள்ளியும் தெரிந்தாலே படம், மடம், பட்டம், மட்டம் வந்துவிடும். காலைச் சேர்த்தால் பாடம், மாடம், மாமா. எழுத்து கற்ற அன்றே அது சொல்லாக மாறுவதைக் குழந்தை பார்க்க வேண்டும். கற்ற எழுத்துகள் மட்டும் வரும் வரிகளை நீங்களே எழுதிக் கொடுக்கலாம்.

குழந்தை ஒரு சொல்லில் நின்றுவிட்டால், மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை பேசாமல் இருங்கள். இது கேட்பதற்குச் சுலபம், செய்வதற்குக் கஷ்டம். அப்புறம் விரலை அந்த எழுத்தில் வைத்து, “இது என்ன? அடுத்தது? சேர்த்துச் சொல்லு” என்று மட்டும் கேளுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் சொல்லைச் சொல்லிக்கொடுத்துவிட்டு நகருங்கள்.

சரளம்தான் குறை என்றால், புதிது புதிதாகக் கொடுப்பதைவிட ஒரே சிறு பத்தியை மூன்று நான்கு நாள் திரும்ப வாசிக்கவையுங்கள். ஒரு வரி நீங்கள், அதே வரி குழந்தை. ஏழு வயதுப் பையனுடன் இதைத்தான் செய்தோம். நான்காம் நாள் வரியின் முடிவில் அவனே நிமிர்ந்து, “அவன் ஏன் திரும்பிப் போனான்?” என்று கேட்டான். அவனிடமிருந்து வந்த முதல் கேள்வி அது.

மொழிப் பக்கத்துக்கு, வாசித்துக் காட்டுவதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. குழந்தை தானே வாசிக்கக்கூடியதைவிடச் சற்றுக் கடினமான புத்தகமாக எடுங்கள். இடையில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று பேசுங்கள். குழந்தை வாசிக்கத் தொடங்கியதும் இதை நிறுத்திவிடுகிறார்கள். கையிலிருக்கும் எளிய புத்தகத்தைவிட அதன் காதுக்கு எட்டும் கதை பல ஆண்டுகள் முன்னால் இருக்கும், அதனால் தொடருங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது

முறையாகச் சொல்லிக்கொடுத்தும், மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தும், எழுத்தும் ஒலியும் ஒட்டவே மாட்டேன் என்கிறதா? நேற்றுத் தெரிந்த எழுத்து இன்று காணாமல் போகிறதா? ஒலி விளையாட்டுகள் மட்டும் விசேஷமாகக் கடினமாக இருக்கின்றனவா? குடும்பத்தில் வேறு யாருக்காவது வாசிப்பில் சிரமம் இருந்ததா? அப்படியானால் டிஸ்லெக்சியா இருக்கிறதா என்று உரிய நிபுணரிடம் பார்ப்பது நல்லது. டிஸ்லெக்சியா என்பது எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் மூளைக்கு இருக்கும் தொடர்ச்சியான சிரமம். பெரும்பாலும் குடும்பவழி வரும். கண் பார்வைக்கும் அறிவுக்கும் இதில் தொடர்பில்லை; சோம்பலும் காரணமில்லை.

“வளர்ந்தா சரியாயிடும்” என்ற ஆறுதல் இங்கே ஆபத்தானது. வாசிக்க வரும் குழந்தை நிறைய வாசிக்கிறது, அதனால் சொல்லும் விஷயமும் பெருகுகின்றன, அதனால் இன்னும் நன்றாக வாசிக்கிறது. வராத குழந்தை புத்தகத்தைத் தவிர்க்கிறது, இடைவெளி வருடத்துக்கு வருடம் அகலமாகிறது. 1986-இல் கீத் ஸ்டானோவிச் இதைப் பற்றி எழுதியபோது, இருப்பவனுக்கு மேலும் சேரும் என்ற விவிலிய வசனத்தின் பெயரால் மத்தேயு விளைவு என்று குறிப்பிட்டார். முதல் இரண்டு வகுப்புகளில் கொடுக்கும் உதவி, பின்னால் கொடுக்கும் அதே உதவியைவிட அதிகம் எட்டும்.

முதல் நாள் கேட்டதை எல்லாம் ஒரு தாளில் தேதி போட்டு எழுதிவையுங்கள்: எந்த எழுத்து வந்தது, எந்தக் கொம்பில் நின்றது, கதையை எப்படிச் சொன்னது. ஆறு வாரம் கழித்து அதே மாதிரி இன்னொரு தாள். நிபுணரிடம் போக வேண்டியிருந்தால் இரண்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். “வாசிக்க வராது” என்று சொல்வதைவிட அவருக்கு அது எவ்வளவோ உதவும்.